துலாவில் மிதித்த இங்கிலீசு

அரசாங்கக் கச்சேரியில் என்னோடு வேலை செய்பவர்கள் எனக்குக் கழுத்துச் சுளுக்கு இருப்பதாக நம்புகிறார்கள். ஒருவர் நல்லெண்ணெயில் ஏதோ வேர் போட்டுக் காய்ச்சி, போத்தலில் கொண்டுவந்தும் தந்தார். தடவிப் பார்த்தேன். குணமாகவில்லை. குணமாவதற்கு அங்கே நோய் இருக்கவேண்டுமே! ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது இறந்தகால வினை ஒன்று தேவைப்பட்டால் என் தலை இடது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பும். சொல் கிடைத்ததும் முன்னால் வந்துவிடும். விஷயம் இவ்வளவுதான். எனக்குப் பின்னால் இருக்கும் கிளாக்கர் மட்டும், நான் தன்னை வேவு பார்ப்பதாக நினைத்து, மேசை லாச்சிக்குள் வைத்துப் பலகாரம் தின்பதை ஒரு வருடம் நிறுத்தியிருந்தார்.

நல்லகாலம், கச்சேரி ஆங்கிலத்துக்கு இறந்தகாலம் அதிகம் தேவைப்படுவதில்லை. எங்கள் கடிதங்களில் எல்லாமே கவனிக்கப்பட்டு வருகின்றன. எதையும் கவனித்து முடித்துவிட்டதாக எழுதும் வழக்கம் இங்கே இல்லை. ஆகவே நான் திரும்புவது குறைவு.

இந்தப் பழக்கம் என்னைப் பிடித்த இடம் உரும்பிராயில் ஒரு புகையிலைத் தோட்டம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தோட்டத்துக் கிணற்றுக்கு மேலே, ஆகாயத்தில்.

அப்போது எனக்கு மீசை நன்றாக முளைத்து, புத்தி முளைக்கும் என்று வீட்டார் காத்திருந்த வயது. தாய் தகப்பன் இல்லாதபடியால் அக்கா வீட்டில் இருந்தேன். அரசாங்கக் கிளாக்கர் வேலைக்கான சோதனையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் ஆங்கிலத்தில் விழுந்திருந்தேன். கணக்கில் தேறினேன். பொது அறிவிலும் தேறினேன். ஊர் வாசிகசாலையில் இருந்த எல்லாவற்றையும், சோப்பு விளம்பரம் உட்பட, வாசித்தவன் நான். விழுத்தியது வினைச்சொல். அதுவும் அடங்காத வினைகள் அல்ல. தலையை ஒரு காலத்தில் ஒரு மாதிரியும் மறு காலத்தில் வேறு மாதிரியும் மாற்றிக்கொள்ளும் அந்தச் சண்டியர்களைப் பயத்தாலேயே பாடமாக்கியிருந்தேன். காலை வாரியவை ஒழுங்கான வினைகள். இவை பாவம், வாலை மட்டும் மாற்றிக்கொள்பவை, எங்கே போகப்போகின்றன என்று கவனியாமல் விட்டுவிட்டேன்.

முதல் தரம் எழுதிய கட்டுரையில், தேர்த்திருவிழாவுக்குப் புறப்பட்ட நான் கடைசிவரை கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு வசனத்திலும் நடந்துகொண்டே இருந்தேன். அந்தப் பிழையைத் திருத்த வேண்டும் என்ற வைராக்கியத்தில் இரண்டாம் தரம் எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் எழுதினேன். எனக்கு ஓர் ஊர் இருந்தது. அதில் ஒரு வீடு இருந்தது. எனக்கு ஓர் அக்கா இருந்தாள். வாசித்த துரைக்கு என் குடும்பத்தின்மேல் இரக்கம் வந்திருக்கலாம். புள்ளி வரவில்லை.

அக்காவின் புருஷன், என் அத்தான், கோபக்காரர் அல்ல. கோபப்பட நேரமில்லாத தோட்டக்காரர். ஒருநாள் காலை புகையிலைக் கன்றுகளுக்கு நிழலுக்கு ஓலை குத்திக்கொண்டே சொன்னார்.

"தம்பி, மூண்டாந்தரமும் எழுது. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா உதுதான் கடைசி. உதுவும் போச்செண்டால் தெற்கை, காலிப் பட்டினத்திலை என்ரை சிநேகிதன் ஒருத்தன்ரை சுருட்டுக்கடை கிடக்கு. சொல்லி வைச்சிட்டன். சாப்பாடும் படுக்கையும் அங்கையே."

அந்தப் படுக்கையை எனக்குத் தெரியும். தென்பகுதிச் சுருட்டுக்கடைகளுக்குப் போன எங்கள் ஊரார் திருவிழாவுக்குத் திரும்பி வரும்போது பார்த்திருக்கிறேன். கடை மூடியபின் மேசைக்குக் கீழே படுத்தெழும்பிய முதுகு அவர்களுடைய புதுச் சால்வைக்கு மேலாகவும் தெரியும். எனக்கோ உலகத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றைச் சுருட்டுக் கட்டுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தத் தரம் தேறியே தீருவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்துக்கொண்டு நிற்கும்போதே அத்தான் இரண்டாவது விஷயத்தையும் சொன்னார்.

"எங்கடை துலா மிதிக்கிறவன் மலாயாவுக்குக் கப்பல் ஏறிட்டான். நாளையிலையிருந்து நீதான் மிதிக்க வேணும்."

"அத்தான், அப்ப நான் படிக்கிறது?"

"காலாலை மிதி, வாயாலை படி. ரெண்டும் உனக்கு வேறை வேறையாத்தானே கிடக்கு."

எங்கள் இறைப்பைப் பார்க்காதவர்களுக்காக: துலா என்பது ஒரு நீண்ட பனைமரம். கிணற்றடியில் நட்ட உயரமான ஆடுகாலில், தராசுக் கோல் போல ஏறி இறங்கும்படி பொருத்தியிருக்கும். கிணற்றுப் பக்கத்து நுனியிலிருந்து கொடி தொங்கும்; அதன் அடியில் பனையோலையால் செய்த பட்டை. மிதிப்பவன் துலாவின்மேல் கிணற்றை நோக்கி நடந்தால் நுனி தாழ்ந்து பட்டை தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி அடிமரத்தை நோக்கி நடந்தால் பட்டை நிறைந்து மேலே வரும். கிணற்றுக் கட்டில் நிற்பவர் கொடியைப் பிடித்து வழிநடத்தி, பட்டையை வாய்க்காலில் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் தண்ணீரை அடுத்த பாத்திக்கு மாற்றுவார். எங்கள் வீட்டில் பட்டை பிடிப்பது அத்தான். தண்ணீர் மாற்றுவது அக்கா. மேலே, விழுந்தால் ஒன்றும் செய்யமுடியாத உயரத்தில், நான்.

மூவரும் ஒரே தாளத்தில் வேலை செய்யவேண்டும். அதற்காகத்தான் இறைப்புப் பாட்டு. எனக்குப் பாட்டு வராது. ஆகவே முதல்நாள் விடியற்காலையில் ஏறி நின்று, ஆங்கில வினையைத் தொடங்கினேன்.

"ஐ வோக், யூ வோக், ஹி வோக்ஸ்..."

கீழே பட்டை கிணற்றுச் சுவரில் அடிபட்டு ஓரம் கிழிந்தது.

"டேய், டேய்! நில்லு! முதற் பட்டை பிள்ளையாருக்கு. அதைச் சொல்லாமல் என்ன தொடக்கம்? பிள்ளையார் போன பிறகு உன்ரை வெள்ளைக்காரன் வரட்டும்."

அப்படியே செய்தோம். முதல் பட்டைக்கு அத்தான் பிள்ளையாரைப் பாடினார். இரண்டாம் பட்டையிலிருந்து நான். ஆனாலும் பட்டை சுவரில் இடிப்பது நிற்கவில்லை.

"உதிலை மூச்சு விட இடமில்லை, தம்பி. பாட்டெண்டால் இழுத்துப் போய் ஒரு இடத்திலை விடோணும். நீ கடலை வறுக்கிற மாதிரியெல்லோ போறாய்."

அன்று முழுவதும் இழுத்தும் சுருக்கியும் பார்த்தோம். கடைசியில், மலாயாக்காரன் பாடிவந்த மெட்டிலேயே வினை போய் உட்கார்ந்துகொண்டது. அடிக்கு ஓர் ஆள். கிணற்றை நோக்கிப் போகும்போது நிகழ்காலம். 'ஹி'க்கு மட்டும் வருகிற அந்த 'ஸ்', ஆடுகாலைத் தாண்டி மரம் சரியத் தொடங்கும் இடத்தில், காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற அடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அதை நான் மறந்ததே இல்லை. மறந்தால் மரம் சரியாது. நுனியில் 'தே'. அந்த அடியில்தான் பட்டை தண்ணீரில் முட்டும். பிறகு உடம்பைத் திருப்பி அடிமரத்தை நோக்கி வரும்போது இறந்தகாலம். "ஐ வோக்ட், யூ வோக்ட்" என்று வந்து முடிக்க, அடிமரம் 'தட்' என்று நிலத்தில் இருக்கும். அத்தான் பட்டையைக் கவிழ்க்கும்வரை நான் அடிமரத்தின்மேல் அசையாமல் நிற்கவேண்டும். அந்த இடத்தை எதிர்காலத்துக்குக் கொடுத்தேன். ஐ ஷல் வோக், யூ வில் வோக். நின்றுகொண்டே நடப்பேன் என்று சொல்வதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருந்தது.

அக்கா தண்ணீரை அடுத்த பாத்திக்கு மாற்றும்போது ஒரு சின்ன இடைவேளை கிடைக்கும். அப்போது ஆடுகாலுக்கு நேர் மேலே, பக்கத்துக்கு ஒரு காலாக வைத்து, வாழைப் பத்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முடிந்தும் கைவிட்டுப் போகாத அந்தக் காலத்தை அங்கே வைத்துப் பாடமாக்கினேன். ஐ ஹாவ் வோக்ட், ஹி ஹாஸ் வோக்ட். தோட்டத்துக்குள்ளிருந்து அக்கா "மாறியாச்சு!" என்று குரல் கொடுப்பாள். நான் மறுபடி கிணற்றுப் பக்கம் திரும்புவேன்.

நாளுக்கு ஒரு வினை. நடந்து முடித்து, நட்டு, தண்ணீர் விட்டு, சமைத்து, கழுவி, கூப்பிட்டு, கதவு திறந்து, மூடி. அத்தானுக்கும் மெல்ல ருசி பிடித்தது.

"தம்பி, இறைக்கிறதுக்கு இங்கிலீசிலை என்ன?"

"ட்ரோ எண்டு சொல்லுவினம், அத்தான். ஆனா அது ஒழுங்கில்லாத வினை. நடுவிலை வேறை மாதிரி மாறும். துலாவிலை வைச்சுச் சொன்னால் விழுந்து போவன்."

"அப்ப வேண்டாம். வெள்ளைக்காரனுக்கு இறைப்பு ஒழுங்காத் தெரியாதாக்கும்."

பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான் பெரிய வாய்ப்புக் கிடைத்தது. பொழுது விடிந்தால் வேலிக்கு மேலால் தலை தெரியும்.

"என்ன மச்சான், உங்கடை கிணத்துக்கை பாதிரியார் ஆரும் விழுந்திட்டாரோ? இங்கிலீசிலை அழுகுரல் கேக்குது!"

"விழேல்லை. மேலை நிக்கிறார்," என்பார் அத்தான், கொடியை விடாமல்.

ஒருநாள் துலாவின் நடுவில் எனக்குச் சொல் நின்றுவிட்டது. 'கழுவு' என்ற வினைக்கு 'ஹி' போட்டவுடன் நாக்குச் சுழன்று, அதற்குமேல் ஆட்கள் வரவில்லை. சொல் வராமல் காலும் வரவில்லை. பட்டை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. கீழே அத்தான் குனிந்தபடி கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன்ரா நிண்டிட்டாய்?"

"அத்தான், மிச்ச ஆக்கள் வரேல்லை."

"ஆர் வராட்டிலும் பட்டை தண்ணியிலை முட்டவேணும்! உங்கை மேலை நிண்டு ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"கோழிமுட்டை ஒண்டு குடுத்திருக்கலாம் காலமை," என்று தோட்டத்துக்குள்ளிருந்து அக்கா தன் பங்குக்கு வருந்தினாள்.

மறுபடியும் அடிமரத்துக்குப் போய், 'ஐ'யிலிருந்து தொடங்கி நடந்து வந்தேன். வந்தது. அதன்பிறகு நடுவில் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். சொல் தெரியாவிட்டாலும் அடி வைப்பேன். அடி வைத்தால் சொல் வரும். அப்படியே ஆயிற்று. தையும் மாசியும் கழிந்தபோது, எந்த ஒழுங்கான வினையைக் கொடுத்தாலும் எல்லாக் காலத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்துவிடுவேன் என்ற நம்பிக்கை வந்தது. புகையிலையும் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. இரண்டில் எதற்கு நான் அதிகம் உதவினேன் என்பது இன்றுவரை தீராத கேள்வி.

சோதனை பங்குனியில், பட்டணத்தில், ஒரு பெரிய பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. அக்கா நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அத்தான் தன் கலியாணக் கோட்டைத் தந்தார். அதற்குள் என்னைப் போல இன்னொருவன் இருக்க இடமிருந்தது. "காலி வழியிலை இறங்கிப் போடாதை," என்று மட்டும் சொன்னார்.

ஆங்கில வினாத்தாளில் ஒரு பந்தி இருந்தது. ஒரு மனிதன் சந்தைக்கு நடக்கிறான், கதவைத் தட்டுகிறான், வேலைக்காரனைக் கூப்பிடுகிறான். முழுவதும் ஒழுங்கான வினைகள். அதை இறந்தகாலத்துக்கும், பிறகு மற்றக் காலங்களுக்கும் மாற்றவேண்டும். சிரிப்பு வந்தது. இந்த மனிதனை நான் மூன்று மாதமாகச் சுமக்கிறேனே!

பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

வினாத்தாளில் இருந்த நிகழ்காலம் கண்முன்னே நின்றது. அதற்கு அப்பால் மனம் வெட்டவெளியாக இருந்தது. மேசைக்குக் கீழே கால்களை மெல்ல அசைத்துப் பார்த்தேன். "ஐ வோக், யூ வோக்" என்று அந்தக் காலமே திரும்பத் திரும்ப வந்தது. நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தலையைப் பின்னால் திருப்பினேன். மடை உடைந்ததுபோல இறந்தகாலம் வந்தது. முன்னால் திரும்பி எழுதினேன். அடுத்த வினைக்கு மறுபடி திரும்பினேன்.

எனக்குப் பின்னால் இருந்தவர் முதல் இரண்டு தரம் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் தரம் மையொற்றும் தாளால் தன் விடையை மூடினார். அடுத்த பகுதிக்கு நான் வாழைப் பத்தை இருக்கவேண்டிய பக்கமாகத் திரும்ப, இடதுபக்கத்தில் இருந்தவர் எழுந்தே விட்டார்.

மேற்பார்வையாளர் வந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளை வேட்டி. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அதற்கு இறந்தகாலத்தில் பதில் சொல்லவேண்டியிருந்ததால் நான் மறுபடியும் பின்னால் திரும்பினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழுக்கு வந்தார்.

"என்ன காணும்! நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன், எனக்கு முன்னாலையே திரும்பிப் பாக்கிறீர்? இன்னொருக்காத் திரும்பினால் தாளை வாங்கிப்போட்டு வெளியிலை விடுவன்."

திரும்பவில்லை. கண்ணை மூடித் துலாவை நினைத்துப் பார்த்தேன். கழுத்தை வளைக்காமல் கண்மணியை மட்டும் பின்னால் தள்ளிப் பார்த்தேன். தலைவலி வந்தது, சொல் வரவில்லை. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினால் வெளியே. திரும்பாவிட்டால் வெறுந்தாள். இரண்டு வழியும் காலிக்குத்தான் போயின. சுருட்டுக்கடை மேசைக்குக் கீழான படுக்கை அச்சொட்டாகத் தெரிந்தது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஐயா."

"என்ன?"

"நான் மற்ற ஆக்களின்ரை தாளைப் பாக்கேல்லை, ஐயா. துலாவிலை நிண்டு பாடமாக்கினனான். கிணத்தைப் பாத்துப் போகேக்கை நிகழ்காலம். திரும்பி வரேக்கைதான் இறந்தகாலம். திரும்பாட்டில் எனக்கு அது வராது."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. என் கோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பில்லாத என் பாதங்களைப் பார்த்தார்.

"எந்த ஊர்?"

"உரும்பிராய்."

"என்ன பயிர்?"

"புகையிலை, ஐயா."

"பட்டை ஆர் பிடிக்கிறது?"

"அத்தான்."

அவர் கடைசி வரிசைக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"உந்த மேசையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சுவரோடை போடும். எவ்வளவு வேணுமெண்டாலும் திரும்பும். சுவரைப் பாரும், முகட்டைப் பாரும். மனிசரைப் பாராதையும். நான் பக்கத்திலைதான் நிப்பன்."

நின்றார். நான் முன்னால் பார்த்து வினையை எடுத்து, சுவரைப் பார்த்து இறந்தகாலத்தை மொண்டு, தாளில் கவிழ்த்தேன். பக்கவாட்டில் யன்னல் ஒன்று இருந்தது. வாழைக்குப் பதிலாக வேம்பு. அதுவும் போதுமாயிருந்தது. கடைசிப் பகுதி வந்ததும் எழுந்து நின்றேன்.

"இப்ப என்ன?" என்றார், மெதுவாக.

"எதிர்காலம், ஐயா. நிண்டால்தான் வரும்."

பெருமூச்சு விட்டார். "சரி, நில்லும்."

நின்றபடி குனிந்து எழுதினேன். அந்த மனிதன் சந்தைக்கு நடப்பான், கதவைத் தட்டுவான், வேலைக்காரனைக் கூப்பிடுவான். மணி அடித்தபோது கடைசி வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தேன். தாளை வாங்கியவர் அதை வாசிக்காமலே மற்றவற்றோடு அடுக்கினார்.

முடிவு வரும்வரை நான் தோட்டத்தில் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தான் காலியைப் பற்றிக் கதைக்கவில்லை, ஆனால் ஒரு தகரப்பெட்டி வீட்டுக்கு வந்திருந்தது. அது எந்த ஊருக்குப் போகும் பெட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா அதற்குள் என் சால்வை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். நான் காண்கிற நேரமெல்லாம் பூட்டிச் சரிபார்ப்பாள்.

ஒருநாள் காலை, பாதி இறைப்பில், பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்காமல் படலையைத் திறந்துகொண்டே ஓடிவந்தார். முதல்நாள் பட்டணத்துக்குப் போனவர். சோதனை முடிவு ஒட்டியிருந்த இடத்துக்குப் போய், என் சுட்டெண்ணைப் பார்த்துவரும்படி அக்கா இரகசியமாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"எட தம்பி! கிடக்கடா! உன்ரை நம்பர் கிடக்கு! நான் ரெண்டுதரம் பாத்தனான், கண்ணாடி போட்ட ஒருத்தரைக் கொண்டும் பாப்பிச்சனான்!"

நான் அப்போது அடிமரத்தின்மேல் நின்றேன். நிறைந்த பட்டை கிணற்றுக்கு மேலே தொங்கியது. குதிக்கத்தான் காலைத் தூக்கினேன்.

"இறங்காதை!" என்று கத்தினார் அத்தான். "நீ இறங்கினால் பட்டை என்னையும் இழுத்துக்கொண்டு கிணத்துக்கை போகும்!"

தூக்கிய காலை வைத்தேன். அவர் பட்டையை மெல்லச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை வாய்க்காலில் கவிழ்த்தார். தோட்டத்துக்குள் அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். தண்ணீர் வரம்பை மீறி ஓடியது. அவள் மாற்றவில்லை.

"பாஸோ?" என்றார் அத்தான், நிமிராமல்.

"ஓம், அத்தான்."

"இங்கிலீசும்?"

"எல்லாம் சேத்துத்தான், அத்தான்."

வெறும் பட்டையைக் கையில் பிடித்தபடி, கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இனி ஆர் மிதிக்கிறது?"

அந்தக் கேள்வியை நான் சோதனைக்குப் படிக்கும்போது ஒருநாளும் நினைத்திருக்கவில்லை. புகையிலை வெட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. வேலைக்கான கடிதம் வரவும் நாள் செல்லும்.

"வெட்டு முடியுமட்டும் நான்தான் மிதிப்பன், அத்தான்."

"பிறகு?"

"பிறகு ஒருத்தனைப் பிடிச்சுப் பழக்கிப்போட்டுத்தான் போவன்."

"உந்தப் பாட்டையும் பழக்கிப்போட்டுப் போ. எனக்கு இனிப் பழைய பாட்டுக்குக் கை வராது." வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னப்பா, அழுதது போதும், தண்ணியை மாத்து!"

மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. "மாறியாச்சு!" என்றாள் அக்கா. மூக்கடைத்த குரல்.

நான் கிணற்றின் பக்கம் திரும்பினேன்.

"ஐ வோ...க்," என்று தொடங்கினேன். அத்தான் பட்டையை உள்ளே விட்டார்.